156 ஆண்டுகள் கழித்து வந்த தவளை



இலங்கையில் சிவனொளிபாத மலை இருக்கிறது. உயரம் 2,243 மீட்டர். இந்துக்கள் அங்கே சிவனின் பாதச்சுவட்டைக் கும்பிடுகிறார்கள்; பௌத்தர்கள் புத்தரின் பாதம் என்கிறார்கள். அந்த மலையைச் சுற்றியுள்ள காட்டில் 2009-ஆம் ஆண்டு ஆய்வாளர்களின் கண்ணில் ஒரு மரத்தவளை பட்டது. பச்சை உடம்பு, மேலே வெளிர் புள்ளிகள். அழிந்தே போய்விட்டது என்று ஏட்டில் எழுதி மூடிவிட்ட தவளை அது!

கெலார்ட் என்ற இராணுவ மருத்துவர் 1853-இல் அதைப் பற்றி எழுதியிருந்தார். விண்மீன் பதித்தது போல் இருந்ததால் லத்தீன் மொழியில் 'ஸ்டெல்லாட்டஸ்' என்று பெயர். அதற்குப் பிறகு 156 ஆண்டுகள் யாரும் அதைப் பார்த்ததாகப் பதிவு இல்லை.

அப்படி என்னதான் நடந்தது? முதலில் காப்பி, பிறகு தேயிலை. 19-ஆம் நூற்றாண்டில் மலைக்காடுகள் மளமளவென்று வெட்டப்பட்டன. அந்த வேலைக்குத் தமிழகத்திலிருந்து நம்மவர்களைக் கொண்டுபோனார்கள். அந்தத் தோட்டப் பாட்டாளிகள் மீது பழி போடுவது நியாயமல்ல. கோடரியைக் கையில் கொடுத்தவர்கள் வேறு.

காடு போனால் தவளை வேறு இடத்துக்குத் தாவிப் போகக்கூடாதா என்று கேட்கலாம். முடியாது. நம் வீட்டுப் பக்கத்துக் கால்வாயில் கத்தும் தவளை தண்ணீரில் முட்டையிடும். தலைப்பிரட்டை நீந்தி வளரும். இந்த இனத் தவளைகளுக்குக் குளமே தேவையில்லை. தலைப்பிரட்டைப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். முட்டைக்கு வேண்டியதெல்லாம் காயாத ஈரம். மூடுபனியும் மர நிழலும்தான் அந்த ஈரத்தைக் காக்கின்றன. மரத்தை வெட்டினால் வெயில் விழும், முட்டை காய்ந்துவிடும். தவளைக்கோ தோலும் சுவாசிக்கும் உறுப்பு, அதுவும் உலரக்கூடாது. உலகில் அழிந்துவிட்டதாகப் பதிவான தவளை இனங்களில் கணிசமானவை இந்தச் சின்னத் தீவுக்கே உரியவை என்பதை நினைத்துப் பாருங்கள்.

2010-இல் யுனெஸ்கோ அந்தக் காட்டையும் சேர்த்து இலங்கையின் மத்திய மலைநாட்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. நல்ல செய்திதான். ஆனால் பல இடங்களில் காடு முடிந்த கையோடு தேயிலைச் செடி தொடங்கிவிடுகிறது. டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். படியேறும் பக்தர்கள் குடித்துவிட்டு வீசும் பிளாஸ்டிக் போத்தல்கள் பாதையோரக் காட்டிலேயே கிடக்கின்றன.