மலை ஏறியும் எடை குறையாதா?

(கெலிஓயா மகளிர் கூட்டத்தில் பேசியது)



கிளினிக்கில் "நல்லா நடங்க, எடை குறையும்" என்கிறார்கள். பிரட்டு முடிந்ததிலிருந்து அந்திக் கொழுந்து நிறுக்கும் வரை மேடும் பள்ளமும் நடக்கிறவளிடம் இதைச் சொன்னால் சிரிப்பதா, அழுவதா?

நம்மைப் போல நாள் முழுக்க நடக்கிறவர்களை அளந்து பார்த்திருக்கிறார்கள். தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டையாடி, கிழங்கு தோண்டி வாழ்கிறவர்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தால், அவர்கள் ஒரு நாளில் செலவழிக்கும் சக்தி அமெரிக்க நகரவாசியின் அளவுதான் என்று 2012இல் வெளியான ஆய்வு சொன்னது. உழைத்துப் பழகிய உடம்பு வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிறதாம், நாம் சம்பளத்தில் பிடிப்பது மாதிரி. ஆகவே யாரும் உங்களைச் சோம்பேறி என்று சொல்ல விடாதீர்கள்.

பார்க்க வேண்டியது தட்டையும் கோப்பையையும். காலையில் கோதுமை மா ரொட்டி, பகலுக்கும் அதே ரொட்டி, இடையில் தேத்தண்ணி. கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் ஐந்து கோப்பையில் 40 கிராமாவது வரும். 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சீனியைக் குறைக்கக் காசு வேண்டாம். பருப்பு, முட்டை, மீன், மரக்கறி வாங்கத்தான் காசு வேண்டும். அந்தக் கணக்கும் சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு வர வேண்டும் என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நடையை விட்டுவிடாதீர்கள். எடை இறங்காவிட்டாலும் பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் அது நல்லது. அடுத்த கிளினிக்கில் இடுப்புச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.