வாங்கிய வட்டுக்கு நகல் எடுக்கலாமா?



காசு கொடுத்து வாங்கிய டிவிடியில் ஒரு கீறல் விழுந்தால் படம் பாதியில் நின்றுவிடும். அதற்குமுன் வீட்டுக்கென்று ஒரு நகல் எடுத்து வைப்பது திருட்டா?

நகல் எடுப்பதைத் தடுக்க டிவிடிகளில் மறைகுறிப் பூட்டு போட்டார்கள். 1999-இல் அதைத் திறக்கும் மென்பொருளை வெளியிட்டவர்களில் ஒருவர், நார்வே நாட்டின் 15 வயது யோன் லெக் யோஹான்சன். அவர்மீது வழக்கு வந்தது. 2003 ஜனவரியில் ஆஸ்லோ நீதிமன்றம் அவரை விடுவித்தது. முறைப்படி வாங்கிய வட்டைத் திறந்து பார்ப்பது குற்றமாகாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டிலும் அவரே வென்றார்.

மலேசியாவில் நிலை வேறு. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம், இத்தகைய பூட்டை உடைப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. கள்ள வட்டு விற்பவரைத் தண்டிக்கட்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், தம் அலமாரியில் உள்ள படத்தைக் காக்க நினைப்பவரையும் அவரோடு சேர்த்து நிறுத்துவது நியாயமா?

விடை வரும்வரை, பூட்டில்லாத உங்கள் கல்யாண வட்டுக்காவது இன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.