உச்சிக்கு முன்னால் வரும் பயம்

ரோலர் கோஸ்டரில் ஏறத் தயங்குபவரைக் கேட்டால், அந்தச் செங்குத்தான இறக்கத்தைத்தான் கைகாட்டுவார். ஆனால் பலருக்கு நெஞ்சு படபடக்கத் தொடங்குவது இறக்கத்தில் அல்ல, ஏற்றத்தில். சங்கிலி இழுக்க, 'கடக் கடக்' என்ற சத்தத்தோடு வண்டி மெதுவாக மேலேறும் அந்த அரை நிமிடத்தில்தான் வயிற்றில் புளி கரைகிறது. 1988இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நடந்த தோட்டத் திருவிழாவில் ஒரு ரோலர் கோஸ்டர் இருந்தது. அதில் ஏறியவர்களின் இதயத் துடிப்பை மருத்துவர்கள் அளந்து பார்த்தார்கள். நிமிடத்துக்குச் சராசரியாக 70 ஆக இருந்த துடிப்பு, வண்டி கிளம்பிய சற்று நேரத்திலேயே 150ஐத் தாண்டிவிட்டது. சவாரி செய்தவர்கள் ஓடவுமில்லை, பாரம் தூக்கவுமில்லை. இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். இனி வரப்போவதை எண்ணி அஞ்சும் பயம் இது. இதைப் போக்கும் வழியும் அந்த எண்ணத்திலிருந்தே தொடங்குகிறது.

மனிதர் காசு கொடுத்துப் பயத்தை வாங்குவது புதிய பழக்கமல்ல. பதினெட்டாம் நூற்றாண்டு ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம், மரச்சட்டங்களால் குன்று போல் கட்டி, அதன்மேல் நீர் ஊற்றி உறையவைத்து, பனிச்சறுக்குப் பலகையில் உட்கார்ந்து சறுக்கினார்கள். அந்த விளையாட்டு பாரிஸுக்குப் போனபோது பனி இல்லை. ஆகவே 1817இல் அங்கே சக்கர வண்டிகளைத் தடத்தோடு பிணைத்து ஓடவிட்டார்கள். இன்றும் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் இதை 'ரஷ்ய மலை' என்கிறார்கள். ரஷ்யர்களோ 'அமெரிக்க மலை' என்கிறார்கள்! அமெரிக்காவில் 1884இல் லாமார்கஸ் தாம்ப்சன் என்பவர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் அமைத்த தடத்தில் கட்டணம் 5 சென்ட். வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். இன்றைய சைக்கிள்காரர் ஒருவர் அதை எளிதாக முந்திவிடுவார். அன்றைக்கு அதுவே கூட்டத்தை இழுத்தது.

பயத்தைக் குறைப்பதற்கு முதல் உதவி, இயந்திரத்தைத் தெரிந்துகொள்வது. இருட்டில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தெரிகிறது. விளக்கைக் கொண்டுவந்தால் கயிறு கயிறாகிவிடுகிறது. ரோலர் கோஸ்டரிலும் பயமுறுத்தும் பல விஷயங்கள் உண்மையில் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டவை.

அந்தக் 'கடக் கடக்' சத்தத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஏதோ கழன்றுகொண்டிருப்பது போலத்தான் அது கேட்கிறது. ஆனால் அது, வண்டியின் அடியில் உள்ள கொக்கி, ஏற்றத் தடத்தில் வரிசையாக உள்ள இரும்புப் பற்களில் ஒவ்வொன்றாக விழும் சத்தம். சங்கிலி அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும், வண்டி பின்னால் சரியாமல் அந்தக் கொக்கி பிடித்துக்கொள்ளும். சத்தம் கேட்கும்வரை கொக்கி வேலை செய்கிறது என்று பொருள்.

உச்சியைத் தாண்டியபின் பெரும்பாலான வண்டிகளுக்கு எஞ்சின் கிடையாது. ஏறிய உயரமே எரிபொருள். 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் வண்டி, உராய்வைக் கணக்கில் எடுக்காவிட்டால், அடிவாரத்தில் மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர் வேகத்தை அடையும். வழியெல்லாம் உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றல் போய்விடுவதால், அடுத்தடுத்த மேடுகள் முதல் மேட்டைவிட உயரமாக இருக்கவே முடியாது. ஒரே ஒரு சங்கிலி ஏற்றம் உள்ள தடங்களில், முதல் மேட்டைக் கடந்தவர் மிக உயரமான மேட்டைக் கடந்துவிட்டார் என்பது இயற்பியல் தரும் உறுதி.

வண்டி தடத்திலிருந்து பறந்துவிடுமோ என்ற அச்சமும் பரவலானது. ஜான் மில்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1919இல் இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் மேல் ஓடும் சக்கரத்தோடு, தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம். பக்கவாட்டில் பிடிக்கும் சக்கரங்களும் சேர்ந்தபோது, வண்டி தடத்தை மூன்று பக்கமும் கவ்விக்கொண்டது. மேடுகளில் பயணியின் உடல் இருக்கையிலிருந்து எழும்பலாம். வண்டி எழும்ப முடியாது. ஒரே தடத்தில் இரண்டு வண்டிகள் ஓடும் இடங்களில், தடம் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்னால் போன வண்டி ஒரு பகுதியைக் காலி செய்யாதவரை, பின்னால் வரும் வண்டியைப் பிரேக் நிறுத்திவிடும். ரயில் பாதையில் சிக்னல் செய்யும் வேலைதான் இது.

தலைகீழாகச் சுற்றும் வளையத்துக்கும் ஒரு கதை உண்டு. 1895இல் கோனி ஐலண்டில் இயங்கத் தொடங்கிய ஒரு தடத்தில் வளையம் முழு வட்டமாக இருந்தது. வட்டத்துக்குள் நுழையும்போதே பயணிகளின் கழுத்தில் பேரழுத்தம் விழுந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம், ஏறியவர்கள் குறைவு. அங்கே பயந்தவர்கள்தான் புத்திசாலிகள். 1976இல் கலிபோர்னியாவில், ஜெர்மானியப் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலின் கணக்குப்படி, வளையம் தலைகீழான நீர்த்துளி வடிவம் பெற்றது. வளைவு மெல்லத் தொடங்கி உச்சியில் மட்டும் இறுகுவதால் அழுத்தம் தாங்கும் அளவில் நிற்கிறது. இன்றைய வளையங்கள் அந்த வழியில் வந்தவை.

இயந்திரம் புரிந்தாலும் உடல் கேட்பதில்லை. இறங்கும்போது 'குடல் மேலே வருகிறது' என்பார்கள். அது வெறும் பேச்சல்ல. வண்டியும் உடலும் ஒன்றாக விழும்போது, வயிற்றுக்குள் உள்ள உறுப்புகளை வழக்கமாகக் கீழே அழுத்தும் எடை சில கணம் இல்லாமல் போகிறது. ஊஞ்சல் உயரத்தில் நின்று திரும்பும்போது அடிவயிறு கூசுவதும் இதே காரணத்தால்தான். பொருட்காட்சியில் ஜெயன்ட் வீல் கீழே வரும்போது ஏற்படுவதும் இதுவே. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் சுழற்சியை உணர்கின்றன. அவற்றின் பக்கத்தில் உள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் முன்பின், மேல்கீழ் அசைவைச் சொல்கின்றன. இவை சொல்வதைக் கண்ணும் சொன்னால் மூளை அமைதியாக இருக்கும். கண்ணை இறுக மூடிக்கொண்டால் காது தனியாகக் கூச்சலிடும். பயந்தவர் முதலில் செய்வது கண்ணை மூடுவது. அதனால் சிலருக்குத் தலைசுற்றல் கூடலாம்.

பயத்தில் மயங்கி விழுந்துவிடுவோம் என்று அஞ்சுபவர்களும் உண்டு. ரத்தத்தையோ ஊசியையோ கண்டு வரும் பயம் ரத்த அழுத்தத்தைச் சரியவைத்து மயக்கத்தில் தள்ளுவது உண்டு. உயரத்தையும் வேகத்தையும் கண்டு வரும் பயத்தில் நடப்பது நேர்மாறு. அட்ரினலின் பெருகி, துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறுகின்றன. கை வியர்க்கும், வாய் உலரும், கால் நடுங்கும். உடல் விழுவதற்கு அல்ல, ஓடுவதற்குத் தயாராகிறது.

ஓடினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பயத்தின் மையம். வரிசையில் நின்ற ஒருவர் கடைசி நிமிடத்தில் விலகிப் போகிறார். உடனே நிம்மதி வருகிறது. அந்த நிம்மதியை மூளை ஒரு பாடமாகக் குறித்துக்கொள்கிறது: விலகியதால் தப்பித்தோம். அடுத்த முறை பயம் இன்னும் முன்னதாகவே, பூங்காவின் வாசலிலேயே, தொடங்குகிறது. பயத்துக்குத் தீனி போடுவது சவாரி அல்ல, விலகல்.

விலகாமல் எதிர்கொண்டால் பயம் தேயும் என்பதை மருத்துவர்கள் கண்டுசொல்வதற்கு முன்பே ஒரு கவிஞர் தாமாகக் கண்டுபிடித்தார். ஜெர்மானியக் கவிஞர் கோத்தே, 1770இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் சட்டம் படித்த இளைஞர். உயரத்தில் நின்றால் அவருக்குத் தலைசுற்றும். அந்த நகரத்துப் பேராலயத்தின் கோபுரம் 142 மீட்டர். அன்றைய உலகின் மிக உயர்ந்த கட்டடம் அது. கோத்தே தனியாக அதன் உச்சிப் பகுதிக்கு ஏறி, உள்ளே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து, பிறகு பிடிமானம் இல்லாத ஒரு சிறு மேடையில் வெளியே வந்து நின்றார். ஒரு நாள் அல்ல, பல நாள். பயம் ஒரு பொருட்டாக இல்லாமல் போகும்வரை அதைத் திரும்பத் திரும்பச் செய்ததாகத் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். பின்னாளில் மலைப்பயணங்களில் அது கைகொடுத்தது என்றும் சொல்கிறார். எல்லோருக்கும் இந்த வேகம் பொருந்தாது. எடுத்த எடுப்பில் கோபுர உச்சி என்பது கொஞ்சம் முரட்டு வைத்தியம்.

மெதுவான வழியைக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர். 1924இல் அவர் வெளியிட்ட ஆய்வில், முயலைக் கண்டு அலறும் ஒரு சின்னஞ்சிறு பையன் வருகிறான். அவன் பிடித்த தின்பண்டத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டில் உள்ள முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். கடைசியில் அவன் முயலைத் தடவிக்கொடுத்தான். 1958இல் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி இதை ஒரு முறையான சிகிச்சையாக வகுத்தார். பயம் தரும் சூழல்களைச் சிறியதிலிருந்து பெரியதுவரை ஒரு படிக்கட்டாக எழுதுவது, உடலைத் தளர்த்தக் கற்றுக்கொள்வது, ஒரு படியில் பயம் அடங்கிய பிறகே அடுத்த படியில் கால் வைப்பது.

ரோலர் கோஸ்டருக்கு இந்தப் படிக்கட்டை அமைப்பது கடினமல்ல. முன்னிருக்கையில் கேமரா வைத்து எடுத்த காணொளியை வீட்டில் பார்ப்பது கீழ்ப்படி. சத்தத்தோடு, அலுக்கும்வரை பார்க்கவேண்டும். பூங்காவுக்குப் போய், ஏறாமல், தடத்தின் அருகில் நின்று ஒரே வண்டி பத்து முறை போய்வருவதைப் பார்ப்பது அடுத்த படி. இறங்கி வருபவர்களின் முகத்தைக் கவனிப்பது இதில் முக்கியம். பிறகு ஊஞ்சல், ராட்டினம், நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் 'கொலம்பஸ்' என்று அழைக்கப்படும் கப்பல் ஊஞ்சல். அடிவயிறு கூசும் உணர்வுக்கு உடலைப் பழக்க கொலம்பஸைவிட நல்ல ஆசிரியர் இல்லை. அதன்பின் குழந்தைகளுக்கான சிறு ரோலர் கோஸ்டர். பெரியவர்கள் அதில் ஏற வெட்கப்படுவார்கள். வெட்கத்தை விடுவதும் ஒரு படிதான். அதற்கும் மேலே, வளையம் இல்லாத நடுத்தரத் தடம். தலைகீழ் வளையம் கடைசி.

பயத்தையும் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒருவருக்கு உயரம், இன்னொருவருக்கு வேகம், மற்றொருவருக்கு வண்டி தடத்திலிருந்து கழன்றுவிடுமோ என்ற எண்ணம். சிலருக்கு எல்லோர் முன்னிலும் வாந்தி எடுத்துவிடுவோமோ என்பது. வண்டி கழல்வதைக் குறித்து அஞ்சுபவருக்குச் சக்கரத்தின் விளக்கம் உதவும். வாந்தியைக் குறித்து அஞ்சுபவருக்கு அது உதவாது. அவர் இரண்டு மணி நேரம் முன்பே மிதமாகச் சாப்பிட்டு முடித்திருப்பது மேல். எது நடக்கும் என்று பயப்படுகிறோமோ அதை ஒரு தாளில் எழுதிவைத்து, இறங்கிய பிறகு எடுத்துப் படிப்பது இன்றைய உளவியலாளர்கள் சொல்லும் ஒரு நல்ல பழக்கம்.

ஏறும் நாளில் சில சிறு காரியங்கள் பெரிய வித்தியாசம் செய்யும். காலையில் பூங்கா திறந்தவுடன் போனால் வரிசை குறைவு, பயம் வளர நேரமும் குறைவு. நடுப்பெட்டியே முதல் முறைக்கு ஏற்றது. முன்பெட்டியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பின்பெட்டியோ உச்சியைத் தாண்டும்போது ஏற்கெனவே வேகம் பிடித்திருப்பதால் சுண்டி இழுக்கப்படும். தலையை இருக்கையோடு சாய்த்து, கண்ணைத் திறந்து, தடம் போகும் திசையைப் பார்க்கவேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் துடிப்பு தணியும். கத்துவதும் மூச்சை வெளியே விடுவதுதான், தாராளமாகக் கத்தலாம். 'அமைதியாக இரு' என்று மனதை அதட்டுவதில் பலன் குறைவு. ஆலிசன் உட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடையேறும் முன் 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், அமைதியை வரவழைக்க முயன்றவர்களைவிடச் சிறப்பாகச் செய்தார்கள். படபடப்பு இரண்டுக்கும் ஒன்றுதான், பெயர்தான் வேறு. முதல் சவாரி முடிந்ததும் அன்றே இரண்டாம் முறையும் ஏறிவிடுவது நல்லது.

சிலர் இந்தப் படிக்கட்டில் ஏறவே வேண்டாம். கர்ப்பிணிகள், இதய நோயும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தமும் உள்ளவர்கள், கழுத்து, முதுகெலும்புக் கோளாறு உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்குப் பலகையில் எழுதியிருக்கும் எச்சரிக்கை வெறும் சம்பிரதாயமல்ல. குழந்தைகளுக்கான உயர வரம்பும் அப்படித்தான். உடலைப் பிடிக்கும் கம்பி அந்த உயரத்துக்கு மேற்பட்ட உடலுக்கே பொருந்தும்.

பயப்படுபவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைக்கும் நண்பர் ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் இருப்பார். அவர் நினைப்பது உதவி, செய்வது கெடுதல். தானாக ஏறும் படிதான் பயத்தைக் குறைக்கிறது. தள்ளப்பட்ட படி அதை இரட்டிக்கிறது. அமெரிக்காவின் பல பூங்காக்களில், வண்டியில் ஏறும் மேடைக்குச் சற்று முன்னால், மனம் மாறியவர்கள் திரும்பிப் போக ஒரு சிறு வழி விட்டிருப்பார்கள். கோழையை அங்கே கோழி என்று கேலி செய்வது வழக்கம். ஆகவே அதற்குப் பெயர் 'சிக்கன் எக்ஸிட்'. அதன் வழியே வெளியேறியவர், கப்பல் ஊஞ்சலில் இரண்டு சுற்று போய்விட்டு, அன்று மாலையே மறுபடியும் அதே வரிசையில் வந்து நிற்கலாம். யாரும் தடுப்பதில்லை.