மணிக்கட்டில் மூன்று வரிகள்

(நமது ஜமாஅத்தின் சார்பில் நடைபெற்ற இலவச நீரிழிவுப் பரிசோதனை முகாமின் நிறைவில், அஸர் தொழுகைக்குப் பின் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இன்று காலை முதல் இந்த முகாமில் விரல் நுனியை நீட்டிச் சோதனை செய்துகொண்டவர்களில், முடிவைக் கேட்டு முகம் வாடிய சிலரையும் கண்டேன். வாட வேண்டாம். உங்கள் இமாமும் அதே வரிசையில் வெகுகாலமாக நிற்பவன்தான். 2014ஆம் ஆண்டிலிருந்து நாள்தோறும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். என் இடது கையில் கிடக்கும் இந்த ஸ்டீல் வளையத்தைப் பற்றிப் பலர் விசாரித்திருக்கிறீர்கள். ஒரு பெரியவர் தொழுகை முடிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு, "தாயத்துக் கட்டாதீர்கள் என்று எங்களுக்கு பயான் செய்துவிட்டு, நீங்கள் மட்டும் கட்டியிருக்கிறீர்களே ஹழ்ரத்?" என்றே கேட்டுவிட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இன்று சற்று விரித்துச் சொல்லப் போகிறேன்.

2016ஆம் ஆண்டு ஷஅபான் மாதம். நல்ல கோடை. நிகாஹ் மஜ்லிஸ் ஒன்றுக்காக வெளியூர் சென்றிருந்தேன். காலையில் வழக்கம்போல் இன்சுலின் போட்டாகிவிட்டது. பந்தி தாமதமாயிற்று, பேருந்துக்கு நேரமாகிறதே என்று உண்ணாமலே புறப்பட்டேன். அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் உடல் வியர்த்தது, கை நடுங்கியது. அதன்பின் நடந்தவை எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் உளறினேனாம். பிறகு தூணோடு சாய்ந்துவிட்டேனாம். கூடியவர்கள் அனைவரும் நல்லவர்கள். ஒருவர் வலிப்பு என்று எண்ணித் தம் சாவிக்கொத்தை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். இன்னொருவர் வெயிலின் கொடுமை என்று முகத்தில் நீர் தெளித்தார். வேறொருவருக்கு வேறுவிதமான ஐயமும் எழுந்ததாம். தலையிலிருந்த தொப்பியைப் பார்த்து அதைக் கைவிட்டாராம்! பத்தடி தூரத்தில் தேநீர்க் கடை இருந்தது; அங்கே டப்பா நிறையச் சர்க்கரை இருந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படியான குறிப்பு எதையும் நான் என்மீது வைத்திருக்கவும் இல்லை.

பணி முடிந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த செவிலியர் ஒருவர் என் பையைத் திறக்கச் சொல்லி, அதில் இன்சுலின் பேனாவைக் கண்டுகொண்டார். என்னால் விழுங்க முடிகிறதா என்று பார்த்த பிறகு சர்க்கரைத் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் புகட்டச் செய்தார். கால் மணி நேரத்தில் என் பெயரை நானே சொன்னேன். அந்தச் சகோதரிக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! அவர் அந்தப் பேருந்துக்கு வராமல் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற எண்ணம் பல இரவுகள் என்னை உறங்க விடவில்லை.

நோயாளி தன் நோயின் குறிப்பைப் பொறித்துக் கையில் அணிவது புதிய வழக்கமன்று. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டர்லாக் என்னும் சிற்றூரில், ஒரு மருத்துவரின் பதினான்கு வயது மகளுக்கு விரலில் காயம் ஏற்பட்டது. டெட்டனஸ் முறிமருந்து ஏற்குமா என்று பார்ப்பதற்காகச் செலுத்திய சிறு சோதனை அளவே அப்பெண்ணை மரணத்தின் விளிம்புவரை கொண்டுசென்றது. அதன்பின் மகள் வெளியே செல்லும்போதெல்லாம் பெற்றோர் காகிதத்தில் எச்சரிக்கை எழுதிக் கொடுத்தனுப்பினார்கள். பின்னர் அது வெள்ளி வளையமாயிற்று. அந்தக் காலின்ஸ் குடும்பத்தார் 1956இல் தொடங்கிய மெடிக்அலர்ட் என்ற அறநிறுவனம் வழியாக இவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. ஒரு தகப்பனின் அச்சத்தில் பிறந்த பொருள் இது.

இனித் தாயத்துக் கேள்விக்கு வருகிறேன். நம் ஹாஜிமார்களைக் கேட்கிறேன்: ஹஜ் கமிட்டி வழியாகச் சென்றபோது, அடையாள விவரம் பொறித்த ஸ்டீல் வளையத்தைக் கையில் மாட்டிவிட்டார்களே, அதைத் தாயத்து என்று யாராவது கழற்றி எறிந்தீர்களா? கூட்டத்தில் வழி தவறினால் நம்மைச் சேர்க்குமிடம் சேர்க்க அது உதவும் என்று அறிந்துதானே அணிந்திருந்தீர்கள்? இதுவும் அப்படித்தான். இந்த வளையம் நோயைத் தடுக்காது, ஆபத்தை விரட்டாது. அப்படி நம்பி அணிந்தால் பெரியவர் கேட்டது சரியாகிவிடும். இது படிப்பதற்காக எழுதப்பட்ட ஒரு கடிதம், அவ்வளவே.

பெருமானார் (ஸல்) அவர்களின் மோதிரத்தை எண்ணிப் பாருங்கள். அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் ஏற்பதில்லை என்று தோழர்கள் எடுத்துரைத்தார்கள். அதன் பின்னரே வெள்ளி மோதிரம் செய்யப்பட்டது. அதில் பொறிக்கப்பட்டவை மூன்று சொற்கள், மூன்று வரிகள். பெறுகின்றவர்களின் தேவையை முன்னிட்டே அந்தப் பொறிப்பு அமைந்தது என்பதுதான் இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

நான் முதலில் இதைக் கவனிக்கவில்லை. பேருந்து நிலைய நிகழ்ச்சிக்குப் பின், தாள் ஒன்றை எடுத்துப் பதினொரு வரிகள் எழுதினேன். பெயர், மௌலவி ஃபாழில் என்ற பட்டம், அத்தாவின் பெயர், முகவரி, இரத்தப் பிரிவு, நோய், மருந்துகள், அவற்றின் அளவு, மருத்துவரின் பெயர், தொலைபேசி எண், இறுதியில் ஒரு துஆ. அதை எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் சீர்வரிசைப் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டித் தரும் சகோதரரிடம் போனேன். அவர் தகட்டையும் பார்த்தார், தாளையும் பார்த்தார். "ஹழ்ரத், இது அண்டா இல்லையே!" என்றார்.

வீட்டிற்கு வந்து ஒவ்வொன்றாக அடித்தேன். பட்டம் போயிற்று, மயங்கிக் கிடப்பவனுக்குப் பட்டம் எதற்கு? முகவரிக்குப் பதில் தொலைபேசி எண் போதும். இரத்தப் பிரிவை நீக்கத்தான் மனம் வரவில்லை. என் மருத்துவர் விளக்கினார்: தகட்டில் என்ன எழுதியிருந்தாலும், இரத்தம் ஏற்றுமுன் மருத்துவமனையில் மீண்டும் சோதித்தே தீருவார்கள், ஆகவே அந்த வரி வீண். மருந்தின் அளவு மாதத்திற்கு மாதம் மாறும்; ஸ்டீலில் பொறித்தது மாறாது. அதைப் பையில் வைக்கும் அட்டையில் தேதியிட்டு எழுதிக்கொண்டேன். துஆவை ஏன் நீக்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். "யா ஷாஃபீ" என்று பொறித்துத் தரும்படி என்னிடமே சிலர் கேட்டதுண்டு. கழிவறையிலும் இதைக் கழற்ற முடியாது. பலர் மயங்கி விழும் இடமும் அதுவே. அல்லாஹ்வின் திருநாமத்தை அங்கே கொண்டுசெல்லும் நிலையை நாமாக உண்டாக்கிக்கொள்ள வேண்டாம். துஆ நாவில் இருக்கட்டும்.

மிஞ்சியவை மூன்று. பெயர். நோய். வீட்டு எண். இதில் நோயை எழுதுவதில்தான் நுட்பம் இருக்கிறது. "சர்க்கரை நோயாளி" என்று தமிழில் எழுதலாமென்றிருந்தேன். என் மனைவிதான் தடுத்தார். அதைப் படிக்கும் தேநீர்க் கடைக்காரர் என்ன செய்வார்? சர்க்கரை இல்லாத தேநீர் தருவார்! எது அந்த நேரத்தில் உயிர் காக்குமோ அதையே விலக்கிவிடுவார். நம் மொழியில் நோய்க்கும் மருந்துக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்ட விந்தை இது. ஆகவே முன்புறம், மருத்துவருக்காக ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் என் பெயரும், டயாபடீஸ் – இன்சுலின் என்ற சொற்களும், எண்ணும். டயாபடீஸ் என்று மட்டும் எழுதினால் போதாது. இன்சுலின் என்ற சொல்தான், சர்க்கரை தாழ்ந்திருக்கலாம் என்று அவருக்கு உணர்த்தும். பின்புறம், தெருவில் நிற்கும் மனிதருக்காகத் தமிழில் ஒரே வரி: "விழுங்க முடிந்தால் சர்க்கரை கொடுங்கள்". அந்த "விழுங்க முடிந்தால்" மிக முக்கியம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். அவருக்கு 108ஐ அழைப்பதே வழி. ரமளானில் அவ்வரியைப் படிப்பவர், நோன்பாளி ஆயிற்றே என்று தயங்கவும் வேண்டாம். சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் நோன்பை விட்டுவிட வேண்டுமென்பது மருத்துவர்களின் வழிகாட்டல். மார்க்கம் நோயாளிக்குச் சலுகை தந்திருக்கிறது. அந்த நோன்பைப் பின்னர் கழாச் செய்துகொள்ளலாம்.

உங்கள் ஒவ்வொருவரின் மூன்று வரிகளும் இதே போன்றிருக்க வேண்டியதில்லை. இதயத்தில் செயற்கை வால்வு வைத்து, அசிட்ரோம் போன்ற இரத்தம் உறையாமைக்கான மாத்திரை உண்பவர் அதைத்தான் முதலில் எழுத வேண்டும்; தலையில் அடிபட்டால் மருத்துவர் அறிய வேண்டியது அதுவே. பென்சிலின் ஒவ்வாதவருக்கு அந்த ஒவ்வாமையே முதல் வரி. டயாலிசிஸ் செய்துகொள்பவர், அதற்காக இரத்தக்குழாய் இணைத்த கையில் ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ கூடாது என்று எழுத வேண்டும். வளையத்தையும் மறு கையில்தான் அணிய வேண்டும். நெடுங்காலம் ஸ்டீராய்டு உண்பவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எனினும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் உண்பவருக்குச் சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வது அரிது. இன்று முகாமில் முதன்முதலாகத் தெரிந்துகொண்டவர்கள் நாளையே வளையத்திற்கு ஓட வேண்டாம்.

ஃபிக்ஹ் தொடர்பாக இரண்டொரு செய்திகள். ஆண்கள் தங்கம் அணியலாகாது. வெள்ளியில் மோதிரத்திற்கு இருக்கும் அனுமதியை வளையத்திற்கு நீட்டவும் வேண்டாம். ஸ்டீல் போதும். பெண்களின் நகைபோல் தோன்றுமோ என்று கூச்சப்படுவோர் கைக்கடிகாரப் பட்டையில் தகட்டைப் பதித்துக்கொள்ளலாம். உளூச் செய்யும்போது அசைத்து, அடியில் நீர் படச் செய்யுங்கள். கடைகளில் விற்கும் சில தகடுகளில் கோலில் சுற்றிய பாம்பின் உருவம் இருக்கும். பண்டைக் கிரேக்கர் மருத்துவத்தின் தெய்வமாக வணங்கிய அஸ்கிளிப்பியஸின் கோல் அது. இன்று வெறும் தொழிற்குறிதான். எனினும் உயிரின் உருவத்தை அணிந்து தொழ எனக்கு மனம் ஒப்பவில்லை. 'மெடிக்கல் அலர்ட்' என்ற சொற்களைச் சிவப்பில் எழுதச் சொன்னேன். மருத்துவமனையில் எவருக்கும் அது விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் வேறோர் ஊரில் இமாமாக இருந்தபோது, ஒரு தகப்பனார் இரவில் வந்து சந்தித்தார். கல்லூரி செல்லும் மகளுக்கு வலிப்பு நோய். மருத்துவர் வளையம் அணியச் சொல்லிவிட்டார், தாயாரோ, "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட்டால் என்ன ஆகும்?" என்று அழுகிறார். தொலைபேசி எண்ணை மட்டும் பொறித்தால் போதாதா என்று கேட்டார். அவர் கண்களைப் பார்த்தபோது உடனே பதில் சொல்ல எனக்கு நாவெழவில்லை. எண் மட்டும் போதாது. அழைக்கும் நேரத்தில் நீங்கள் தொழுகையில் இருப்பீர்கள், அல்லது சிக்னல் இராது. நோயின் பெயரைத் தகட்டின் உட்புறத்தில், தோலை ஒட்டிய பக்கத்தில் பொறியுங்கள். வெளியே சிவப்புச் சொற்கள் மட்டும் தெரியட்டும். உதவ வருபவர் திருப்பிப் பார்ப்பார். வேடிக்கை பார்ப்பவருக்குத் தெரியாது என்றேன். நோய் என்பது ஓர் அமானத். அதை ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டுமென்ற கடமை அப்பெண்ணுக்கு இல்லை. ஆனால் நிகாஹ் பேசி வரும்போது மாப்பிள்ளையிடம் மறைக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அது அவருக்குக் கசந்தது. இருந்தும் வளையம் செய்தார். அந்த அளவிற்கு எனக்கு ஆறுதல்.

தம்பிமார்கள் சிலர், கைப்பேசியிலேயே இவற்றையெல்லாம் பதிந்து வைக்கலாமே என்பீர்கள். பூட்டிய திரையிலேயே தெரியும்படி வைக்கும் வசதியும் இருக்கிறது, அவசியம் செய்யுங்கள். ஆனால் மின்சாரம் தீர்ந்தால் அது பேசாது. கூட்டத்தில் விழுந்தவரின் கைப்பேசி அவரிடமே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை.

நிர்வாகக் குழுவினர் ஒரு படிவம் அச்சடித்து வைத்திருக்கிறார்கள். மூன்று வரிகளுக்கு மட்டுமே அதில் இடம் உண்டு. பதினொன்று எழுத இடமில்லை. எழுதி, உங்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு, வரும் வெள்ளிக்கிழமைக்குள் மஸ்ஜித் அலுவலகத்தில் கொடுங்கள். வெட்டுக்கூலி இயலாதவர்களுக்கு ஜமாஅத் ஏற்றுக்கொள்ளும். வளையம் கைக்கு வந்தவுடன், அதிலிருக்கும் எண்ணை நீங்களே ஒருமுறை அழைத்துப் பாருங்கள். என் முதல் வளையத்தை ஆறு மாதம் அணிந்திருந்த பிறகு, என் இளைய மகள் விளையாட்டாக அந்த எண்ணை அழுத்தினாள். எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலிக்கவில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு மரக்கடைக்காரர் எடுத்து, "எத்தனை அடி வேண்டும்?" என்று கேட்டார்.