முதல் கேமுக்கு எந்த டூல்? என் தம்பி விஷயத்தில் நான் செய்த தப்பு

திருமுருகன்பூண்டியிலிருந்து பேசுறேன். பின்னாடி கல் அறுக்குற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. எங்க ஊர்ல சிற்பப் பட்டறை சத்தம் இல்லாம எதையும் ரெக்கார்ட் பண்ண முடியாது.

இன்னைக்குப் பேசப்போறது எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி. "ப்ரோ, மொபைல் கேம் பண்ணணும், எந்த டூல்ல ஆரம்பிக்கலாம்?" இதுக்கு ரொம்ப நாளா நான் ஒரே பதில்தான் வெச்சிருந்தேன். அந்தப் பதில் தப்புன்னு எனக்குப் புரிய வெச்சது என் சித்தி பையன்.

தம்பி ப்ளஸ் டூ எழுதி முடிச்சான். சித்தி ஒரு பனியன் கம்பெனியில செக்கிங்ல இருக்காங்க. தைச்சு வர்ற பீஸை விரிச்சு, ஓட்டை இருக்கா, கறை இருக்கா, தையல் விட்டிருக்கான்னு பார்க்குற வேலை. லீவுக்குத் தம்பியும் கம்பெனிக்கு வரட்டும்னு சித்தப்பா சொன்னார். திருப்பூர் பக்கம் இது சாதாரணம். அப்படி லீவுக்குன்னு போய் அப்படியே நின்னுட்டவங்க எங்க தெருவுலயே இருக்காங்க. இவன், "எனக்குக் கம்ப்யூட்டர்தான் படிக்கணும், ஒரு கேம் பண்ணிக் காட்டுறேன்"னான். சித்தப்பா, "ரெண்டு மாசம் பாரு. ஒண்ணும் வரலைன்னா கம்பெனிக்கு வந்துரு"ன்னுட்டார்.

அந்த ரெண்டு மாசத்துல மூணு வாரத்தை நான் வீணாக்கினேன்.

"அண்ணா, எதுல ஆரம்பிக்கட்டும்?"னு அவன் கேட்டப்ப, பெரிய ஸ்டுடியோக்கள் பயன்படுத்துற ஒரு எஞ்சினைச் சொன்னேன். பேர் வேண்டாம், தப்பு என்னோடது. "இதுலதான் வேலை கிடைக்கும்டா"ன்னு வேற சொன்னேன். அவன்கிட்ட இருந்தது என் பழைய காலேஜ் லேப்டாப், 4 ஜிபி ராம். இன்ஸ்டால் ஆகவே ஒரு நாள் போச்சு. ப்ராஜெக்ட் திறக்கறதுக்குள்ள டீ குடிச்சுட்டு வந்துரலாம். மூணாவது வாரம் அவன் திரையில இருந்தது ஒரு சதுரம். அது இடது பக்கம் நகரும், வலது பக்கம் நகரும், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய அடி எழுத்துல விழுந்துச்சு. அவனோட கேம் என்னன்னா, மேலிருந்து டீ-ஷர்ட் பீஸ் ஒவ்வொண்ணா இறங்கும். குறை இருக்குறதைத் தொட்டுத் தள்ளணும். அம்மா பார்க்குற வேலையே கேம். பட்டன்ல "தையல்"னு எழுதினான். திரையில "தயைல்"னு வந்துச்சு. "ஓட்டை"யில கொம்பு கடைசியில தனியா நின்னுச்சு. சித்தி பார்த்துட்டு, "இது என்ன கண்ணு, எந்த ஊர் பாஷை?"ன்னாங்க. அவன் லேப்டாப்பை மூடிட்டான்.

இது ஏன் ஆச்சுன்னு சொல்றேன், தமிழ்ல கேம் பண்ண நினைக்கிற எல்லாருக்கும் இது தேவை. கம்ப்யூட்டருக்குள்ள "தை"ங்கறது முதல்ல த, அப்புறம் கொம்புன்னுதான் இருக்கும். ஆனா திரையில கொம்பு முன்னாடி வரணும். "கொ"ன்னா குறி ரெண்டாப் பிரிஞ்சு எழுத்துக்கு ரெண்டு பக்கமும் நிக்கணும். இந்த இடமாற்றத்தை யாராவது செய்யணும். பிரவுசரும் போனும் செஞ்சுடும். கேம் எஞ்சின்கள் சிலது எழுத்தைத் தானே வரையும், அதுல இந்த வேலை நடக்காது. ஆங்கிலத்துல வர்ற டுடோரியல் எதுலயும் இதைச் சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கு அந்தப் பிரச்சினையே இல்லையே.

அன்னைக்கு ராத்திரி உக்கார்ந்து யோசிச்சேன். அவன் கேட்டது "முதல் கேம்." நான் பதில் சொன்னது "முதல் வேலை." ரெண்டும் ஒண்ணு இல்ல.

அதனால டூலைப் பத்தி மூணே கேள்வி எழுதினேன். ஒண்ணு, கையில இருக்குற மெஷின்ல ஓடுமா? ரெண்டு, விளையாடப் போறவங்க மொழி சரியா வருமா? மூணு, ரெண்டு வாரத்துக்குள்ள ஏதாவது ஒண்ணு, எவ்வளவு சின்னதா இருந்தாலும், போன்ல ஓடுமா?

இதை வெச்சுப் பார்ப்போம். ஸ்க்ராட்ச் எல்லாருக்கும் தெரியும். எம்ஐடி மீடியா லேப் 2007-ல வெளியிட்டது. கட்டம் கட்டமா இழுத்து ஒட்டினா போதும், யோசிக்கக் கத்துக்க அருமையானது. ஆனா அதுல செஞ்சதை நேரா ப்ளே ஸ்டோர் ஆப்பா எடுக்க அதுக்குள்ள வழி இல்ல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு நான் இன்னும் இதைத்தான் சொல்லுவேன்.

அடுத்தது ஜிடெவலப். இலவசம், ஓப்பன் சோர்ஸ். பிரவுசர்லயே திறக்கும், ஆண்ட்ராய்டு போன்லயும் ஆப்பா இருக்கு. கோடு எழுத வேண்டாம். இடது பக்கம் நிபந்தனை, வலது பக்கம் செயல். "பீஸைத் தொட்டா", "மார்க் ஒண்ணு கூட்டு." வெப் தொழில்நுட்பத்துல ஓடுறதால சாதாரண டெக்ஸ்ட்ல தமிழ் ஒழுங்கா வரும். ஆப்பா மாத்துற வேலையை அவங்க சர்வரே செஞ்சு தரும், இலவசக் கணக்குக்கு அளவு உண்டு. குறை? கேம் பெருசானா அந்த நிபந்தனைப் பட்டியல் நீண்டுகிட்டே போகும், தேடியே களைச்சுடுவீங்க.

மூணாவது கோடோ. அர்ஜென்டினாவுல ஹுவான் லினியட்ஸ்கி, ஏரியல் மன்ஸூர்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சது. 2014-ல எம்ஐடி உரிமத்துல திறந்து விட்டாங்க. டவுன்லோட் சின்னது, பழைய லேப்டாப்லயும் 2டி கேம் பண்ணலாம். மொழி பைத்தான் மாதிரி இருக்கும். 2023 மார்ச்ல வந்த 4.0-லிருந்து தமிழ் மாதிரி எழுத்துகளைச் சரியா அடுக்கும். அதனால பழைய 3-ஆம் வரிசை டுடோரியலைப் பார்த்து ஆரம்பிக்காதீங்க. ஆண்ட்ராய்டுக்கு எடுக்க ஜேடிகே, எஸ்டிகேன்னு தனியா இறக்கணும், அதுக்கு ஒரு சாயங்காலம் போகும்.

அப்ப யூனிட்டி வேண்டாமான்னு கேப்பீங்க. மொபைல் கேம் கம்பெனியில வேலை வேணும்னா கண்டிப்பாக் கத்துக்கோங்க, ஆனா ரெண்டாவதாக் கத்துக்கோங்க. இன்னொரு விஷயமும் தெரிஞ்சுக்கோங்க. 2023 செப்டம்பர் 12-ல அவங்க ஒரு அளவு தாண்டின கேம்களுக்கு இன்ஸ்டால் கணக்குல கட்டணம்னு அறிவிச்சாங்க. உலகம் முழுக்க டெவலப்பர்கள் கொதிச்சாங்க. அடுத்த மாசமே சிஇஓ ஜான் ரிச்சிட்டியெல்லோ விலகினார். சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2024 செப்டம்பர் 12-ல அந்தக் கட்டணத்தையே ரத்து பண்ணாங்க. நம்மள மாதிரி ஆரம்பிக்கிறவங்களை அது தொட்டே இருக்காது. ஆனா வாடகை வீடா, சொந்த வீடான்னு தெரிஞ்சுகிட்டுக் குடி போறது நல்லது, அவ்வளவுதான்.

தம்பிக்கு ஜிடெவலப் எடுத்தோம். கோடு தெரியாது, நேரமும் இல்ல. ஆறாவது நாள் சாயங்காலம் சித்தி போன்ல கேம் ஓடுச்சு. "தையல்" தையலாவே இருந்துச்சு.

சித்தி ரெண்டு தடவை விளையாடிட்டு சொன்னாங்க: "ஏங் கண்ணு, ஆயில் கறை இத்தனை பெருசா இருந்தா கண்ணை மூடிட்டே எடுத்துப் போடலாமே. நெசத்துல நகக்கண்ணு அளவுதான் இருக்கும். கறுப்புத் துணியில அதுவும் தெரியாது."

அந்த ஒரு வார்த்தையில அவனுக்கு ரெண்டாவது லெவலும் மூணாவது லெவலும் கிடைச்சுருச்சு. எந்த டுடோரியல்லயும் இது வராது. முதல் கேம் சீக்கிரம் போனுக்கு வரணும்னு நான் கத்துறது இதுக்காகத்தான். அடுத்தவங்க கையில போனாத்தான் அது கேமா இல்லையான்னு தெரியும்.

"செக்கிங் வேலையை யாருண்ணா விளையாடுவாங்க?"ன்னு அவனுக்கு ஒரு சந்தேகம். 'வெண்பா' கேமைக் காட்டினேன். கனடாவுல குடியேறின தமிழ்க் குடும்பம், அம்மாவோட சமையல் நோட்டு, இட்லி ஊத்துறது, அதுதான் கேம். டொரான்டோவுல விசை கேம்ஸ்னு ஒரு சின்னக் குழு 2023 ஜூலையில வெளியிட்டது. 2024-ல சிறந்த அறிமுக கேமுக்கான பாஃப்டா வாங்குச்சு. அதுக்கப்புறம் அவன் அந்தக் கேள்வியைக் கேட்கல.

இப்ப ப்ளே ஸ்டோர். கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். தம்பிக்கு இன்னும் 18 ஆகலை, அதனால என் பேர்ல திறந்தோம். புதுசாத் திறக்குற தனிநபர் கணக்குக்கு ஒரு விதி இருக்கு. வெளியிடுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 பேர், தொடர்ந்து 14 நாள் டெஸ்டரா இருக்கணும். முன்னாடி 20 பேரா இருந்துச்சு, 2024 டிசம்பர்ல 12 ஆக்கினாங்க. தனியா கேம் பண்ற நிறையப் பேர் மாட்டிக்கிற இடம் இதுதான், அதனால முதல் நாளே ஆள் சேர்க்க ஆரம்பிங்க.

எங்களுக்கு ஆளுக்குப் பஞ்சம் வரல. சித்தி அவங்க செக்கிங் டேபிள்ல சொன்னாங்க. 14 அக்காமார் சேர்ந்தாங்க. இன்னைக்கு ஒன்பதாவது நாள். டீ டைம்ல விளையாடிட்டு, குறையை வாய்ஸ் மெசேஜா அனுப்புறாங்க. குறை கண்டுபிடிக்கிறதுதானே அவங்க வேலை, ஒண்ணையும் விட மாட்டேங்கிறாங்க. தம்பி ஒரு நோட்டுல எழுதி வெச்சு ஒவ்வொண்ணா அடிச்சுட்டு வர்றான்.

சித்தப்பா இன்னும் முடிவு சொல்லல. நேத்து மட்டும், "உன் கேம்ல காஜா பட்டன் குறை ஏன்டா இல்ல?"ன்னு கேட்டாராம்.

நீங்க ஆரம்பிக்கறதா இருந்தா இன்னைக்கே ஒரு டூலைத் திறந்து, உங்க அம்மா பேரைத் தமிழ்ல திரையில வர வைங்க. சரியா வந்தா அங்கேயே உக்காருங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.