போன் தொலையலாம், கணக்கு தொலையக் கூடாது

(சங்கரன்கோவிலில் நம்ம தகவல் தொழில்நுட்ப அணி சிறு வியாபாரிகளுக்காக நடத்திய பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத சொந்தங்களுக்காக இங்கே பதிவிடுகிறோம்.)



நான் இன்ஜினியரிங் முடிச்சவன். ஆனா வளர்ந்தது விசைத்தறிச் சத்தத்துலதான். எங்க வீட்டுல நாலு தறி. அப்பா சேலையை கோவில்பட்டி, மதுரைக் கடைகளுக்குப் போடுவாங்க. எந்தக் கடை எவ்வளவு பாக்கி, எல்லாம் அவங்க வாட்ஸ்அப்லதான் இருக்கும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடித்தபசு கூட்டத்துல அந்த போன் தொலைஞ்சு போச்சு. போன் விலை பன்னிரண்டாயிரம். அதோட போன பாக்கிக் கணக்கு ஒன்றேகால் லட்சம். சில கடைக்காரங்க நேர்மையா கணக்கு சொன்னாங்க. மத்தவங்க, "பில் இருந்தா கொண்டு வாங்க அண்ணாச்சி"ன்னுட்டாங்க. அப்பா கையில பில் இல்லை.

ஒரே நாள்ல ஆயிரம் பேருக்கு ஃபார்வர்டு பண்ணத் தெரிஞ்ச எனக்கு, அப்பா போனுக்கு ஒரு பேக்கப் போடத் தோணலை. அந்த வெட்கத்தோடதான் உங்க முன்னாடி நிக்கிறேன்.

தொழில் வளரும்போது கம்ப்யூட்டர், வெப்சைட் எல்லாம் பிறகு பார்த்துக்கலாம். கணக்கு ஒரே ஆள் தலையிலயும் ஒரே போன்லயும் இருக்கக் கூடாது. முதல்ல அதுக்கு ஏற்பாடு பண்ணுங்க. நாலு காரியம் சொல்றேன்.

1. கடைக்குத் தனி நம்பர்

வீட்டு நம்பரையும் கடை நம்பரையும் பிரிச்சிடுங்க. கடை நம்பர்ல வாட்ஸ்அப் பிசினஸ் போடுங்க, அது இலவசம். சேலைப் படத்தையும் விலையையும் அதுலயே அடுக்கி வைக்கலாம். இரண்டு கட்டப் பாதுகாப்பை ஆன் பண்ணுங்க. தினமும் கூகுள் கணக்குக்கு பேக்கப் போற மாதிரி வைங்க. அந்தக் கூகுள் கணக்கோட பாஸ்வேர்டு வீட்டுல இன்னொருத்தருக்கும் தெரியணும். வெளியாளு யார் கேட்டாலும் ஓடிபி சொல்லாதீங்க.

2. பில், கணக்கு

கார்பன் வச்ச பில் புக்கே ஆரம்பத்துக்குப் போதும். ஆனா பில் போடாம ஒரு சேலை கூட வெளியே போகக் கூடாது. ராத்திரி பத்து நிமிஷம் ஒதுக்கி கூகுள் ஷீட்ல ஏத்துங்க: தேதி, கடை பேரு, எத்தனை சேலை, தொகை, வரவு, பாக்கி. இந்த ஆறு கட்டம் போதும். அதை வீட்டுல ரெண்டு போன்ல திறக்கிற மாதிரி வைங்க. இது கைக்குப் பழகி, கையால ஏத்தி முடியாத அளவுக்கு பில் கூடும்போது பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கலாம்.

3. பணம்

கடை பேர்ல நடப்புக் கணக்கும், அதுக்கு ஒரு கியூஆரும் வேணும். வாடிக்கையாளர் காட்டுற ஸ்கிரீன்ஷாட் பணம் இல்லை. உங்க ஆப்ல வரவு வந்திருக்கான்னு பார்த்துட்டு சரக்கைக் கொடுங்க. பணம் வாங்குறதுக்கு பின் நம்பர் தேவையே இல்லை, கேட்டாலே மோசடிதான். ஏமாந்துட்டா உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. தாமதம் ஆக ஆக பணத்தை மடக்குறது கஷ்டம்.

4. பதிவு

"வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினாத்தானே ஜிஎஸ்டி"ன்னு நினைக்கிறோம். தமிழ்நாட்டுக்குள்ள சரக்கு விக்கிறவரைக்கும்தான் அந்த வரம்பு. செங்கோட்டை தாண்டி கேரளாவுக்கு விசைத்தறிச் சேலை விக்கிறதா இருந்தா, தொகை சின்னதா இருந்தாலும் பதிவு வேணும். பார்சல் போடுறதுக்கு முன்னாடி ஒரு ஆடிட்டரைப் பாருங்க.

அடுத்தது உத்யம் பதிவு. அரசு தளத்துல ஆதார் வச்சுப் பண்ணலாம், கட்டணம் கிடையாது. காசு கேக்குற இடைத்தரகரை நம்பாதீங்க. தறி வச்சு சேலை உற்பத்தி பண்றவங்களுக்கு 2006-ம் வருஷச் சட்டம் ஒரு உரிமை தருது. சரக்கு வாங்கினவங்க பேசின தேதிக்குள்ள பணம் தரணும். எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்க முடியாது. ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள்தான். தாண்டினா கூட்டு வட்டி. வாங்கி விக்கிற வியாபாரிகளுக்கு இந்த உரிமை இல்லை, ஆனா வங்கிக் கடனுக்கு உத்யம் உதவும்.

இவ்வளவு உரிமை இருந்தும் அப்பாவால கேட்க முடியலை. சட்டமும் கடைசியில கேக்குறது பில்லைத்தான்.

நம்ம அணித் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் உங்க தெருவுல ஒரு கடையில ஒரு மணி நேரம் உட்காருங்க. பேக்கப் போட்டுக் கொடுங்க, ஷீட் திறந்து கொடுங்க. அவங்க எந்தக் கட்சின்னு கேக்காதீங்க. பாஸ்வேர்டை அவங்களே டைப் பண்ணட்டும், நீங்க பார்க்காதீங்க.

எங்க வீட்டுல இப்போ ஷீட் எழுதுறது அம்மா. போன வாரம் ஒரு கடைக்காரர் பாக்கியில சந்தேகம்னு போன் பண்ணினார். அம்மா தேதியும் பில் நம்பரும் வாசிச்சாங்க. மறுநாளே பணம் வந்துடுச்சு.