ஸ்தோத்திரபலி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையின் ஞாயிறு காலை ஆராதனையில் ஆற்றிய உரை)

 

"கிறிஸ்தவ வாழ்வில் துதியும் ஆராதனையும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். செயலாளர் தொலைபேசியில் சொன்னபோதே, "இருபது நிமிஷம்தான் சார், அதுக்கு மேல போனா டிபன் ஆறிடும்" என்று எச்சரித்துவிட்டார். நான் இறையியல் படித்தவன் அல்ல. இந்த ஆலயத்தின் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பேஸ் பாடினவன், அவ்வளவுதான். ஆகவே பின்வரிசைக்காரன் பேச்சாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். என் வகுப்புத் தோழர் ஒருவர், பெயர் வேண்டாம். அவருடைய ஒரே மகன் இறுதியாண்டு படிக்கும்போது சாலை விபத்தில் இறந்துபோனான். அடக்கம் முடிந்த மூன்றாவது ஞாயிறு, யாரோ அழைத்தார்கள் என்று ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறார். கீபோர்டும் டிரம்ஸும் முழங்க எல்லோரும் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். இவர் கைகட்டி நின்றார். பாட்டை நடத்தினவர் மேடையிலிருந்தே இவரைப் பார்த்து, "வாயைத் திறந்து துதிங்க பிரதர், துதி இல்லாத வீட்டுலதான் சத்துரு நுழைவான்" என்றாராம். நண்பர் மெல்ல வெளியே வந்துவிட்டார். அதற்குப் பிறகு நாலு வருஷம் எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. ஒருநாள் என்னிடம் கேட்டார்: "நீயே சொல்லுடா, எங்க வீட்டுல துதி குறைஞ்சதுனாலயா எம் பையன் போனான்?"

இந்தக் கேள்வியைத் தாண்டிக்கொண்டு துதியின் மேன்மையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கீபோர்டின் மேலும் டிரம்ஸின் மேலும் எனக்கு வழக்கு இல்லை. எங்கள் காலத்தில் கிட்டார் உள்ளே வந்தால் ஆலயம் சினிமாக் கொட்டகை ஆகிவிடும் என்று பயந்த பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் ஹார்மோனியத்தைப் பற்றி என்ன சொன்னார்களோ! கைத்தாளத்தையும் முரசையும் ஓசையுள்ள கருவிகளையும் கொண்டு துதிக்கச் சொல்லித்தான் சங்கீதப் புத்தகமே முடிகிறது. வாத்தியம் வழி தவறவில்லை. துதித்தால் கேடு வராது, துதித்தால் கதவு திறக்கும் என்று ஒரு கணக்குப் போடுகிறோமே, அங்கேதான் வழி தவறுகிறது.

சங்கீதப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எபிரெய மொழியில் அதன் பெயர் "தெஹில்லீம்". துதிகள் என்று அர்த்தம். மொத்தம் 150. துதிகள் என்று பெயர் வைத்த புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்ன இருக்கிறது தெரியுமா? புலம்பல்! எத்தனை காலம், ஏன் மறைந்தீர், ஏன் கைவிட்டீர் என்ற கேள்விகள். அதிலும் 88ஆம் சங்கீதம் இருக்கிறதே, அதற்கு ஒரு நல்ல முடிவுகூடக் கிடையாது. மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் வரும். இது இருட்டிலேயே நின்றுவிடுகிறது. அதன் தலைப்பைப் பாருங்கள்: கோராகின் புத்திரரின் பாட்டு, இராகத் தலைவனுக்கு ஒப்புவிக்கப்பட்டது. அதாவது எவனோ ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து எழுதிக் கிழித்துப்போட்ட காகிதம் அல்ல இது. ஆராதனையில் பாடுவதற்காகவே பாடகர் குழுவின் கையில் கொடுக்கப்பட்ட பாட்டு. இதையும் சேர்த்துக் கட்டித்தான் அந்தக் கட்டுக்கு "துதிகள்" என்று பெயர் வைத்தார்கள். கடவுளிடம் முறையிடுகிறவன் இன்னும் கடவுளிடம்தான் நிற்கிறான். கைகட்டி நின்ற என் நண்பர் அந்தக் கூட்டத்தில் மற்ற எவரையும்விட ஆராதனைக்குத் தூரமாக இருந்தார் என்று நான் நம்பவில்லை.

எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் 13ஆம் அதிகாரம் 15ஆம் வசனம் துதியைப் பலி என்று சொல்லுகிறது. ஸ்தோத்திரபலி. நாம் ஜெபத்தில் அடிக்கடி புழங்கிப் புழங்கி அந்தச் சொல்லின் கனமே போய்விட்டது. பலி என்றால் என்ன? நம்மிடமிருந்து ஒன்று போக வேண்டும். கையில் மிச்சமிருப்பதைப் போடுவதற்குப் பலி என்று பெயரில்லை. மனசு பொங்கும்போது பாடுவதும் நல்லதுதான். அதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் மனசு வற்றிக் கிடக்கிற நாளில் "நீர் நல்லவர்" என்று சொல்லுகிற ஒருவர், தன் நிலைமையைப் பற்றி அல்ல, கடவுளைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லுகிறார். அதற்கு விலை உண்டு. அந்த விலையை அவரவர்தான் கொடுக்க முடியும். மேடையில் நிற்கிறவர் பிடுங்கி வாங்க முடியாது.

மார்ட்டின் ரிங்கார்ட் என்று ஜெர்மனியில் ஒரு போதகர். முப்பதாண்டுப் போர் நடந்த காலத்தில் ஐலன்பர்க் என்ற ஊரில் ஊழியம் செய்தார். கோட்டை ஊர் என்பதால் அகதிகள் வந்து நிறைந்தார்கள். 1637இல் கொள்ளைநோய். மற்றப் போதகர்கள் போய்விட, இவர் ஒருவரே மிஞ்சினார். அந்த ஒரு வருஷத்தில் அவர் நடத்திய அடக்க ஆராதனைகள் 4,000க்கு மேல். அவற்றில் ஒன்று அவருடைய மனைவிக்கு. இந்த மனிதர் எழுதின பாட்டைத்தான் ஜெர்மானியர் இன்றும் தங்கள் மாபெரும் நன்றிப் பாட்டாகப் பாடுகிறார்கள். தம் பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் சொல்லுவதற்காக எழுதினதாம். அடக்கத்துக்குப் போய் வந்து கைகழுவிவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து பிள்ளைகளோடு நன்றி சொல்லியிருப்பார். அவர் துதித்ததனால் கொள்ளைநோய் நின்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஜெர்மன் பாட்டு நமக்கெதற்கு என்று கேட்காதீர்கள். 1742 முதல் சென்னை வேப்பேரியில் ஊழியம் செய்த ஃபப்ரிஷியஸ் ஐயர் அந்த மரபின் பாட்டுகளைத் தமிழில் தந்தார். ஞானப்பாட்டு என்று நம் பாட்டிமார் பாடினார்களே, அது அந்த ஊற்றிலிருந்து வந்ததுதான். அவரும் கடைசிக் காலத்தில் கடன் வழக்கில் சிறைக்குப் போனவர். சுகமாக வாழ்ந்தவர்கள் எழுதிவைத்த பாட்டுகள் அல்ல இவை.

"பவுலும் சீலாவும் துதித்தார்களே, சிறைக்கதவு திறந்ததே!" என்று கேட்பீர்கள். திறந்தது. ஆனால் அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைக் கொஞ்சம் மேலே வாசியுங்கள். கதவு திறந்தும் இவர்கள் ஓடவில்லை. உள்ளேயே இருந்தார்கள். அதனால்தான் தற்கொலைக்குக் கத்தியை உருவின சிறைக்காரன் பிழைத்தான். இவர்கள் காயங்களைக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டான். தப்பிப்பதற்காகப் பாடியிருந்தால் கதவு திறந்தவுடனே ஓடியிருப்பார்கள். நம் ஆண்டவரும் கெத்செமனேக்குப் புறப்படும் முன்னால் சீடர்களோடு பாட்டுப் பாடினார் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். பஸ்கா வழக்கப்படி 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்களாக இருக்கலாம் என்பார்கள். அந்தப் பாட்டு அவரைச் சிலுவையிலிருந்து விலக்கவில்லை.

அப்படியானால் பாட வராதவன் என்ன செய்வது? இங்கேதான் சபை என்று ஒன்று இருக்கிறது. 1 நாளாகமம் 25இல் தேவாலயப் பாடகர்களுக்குச் சீட்டுப்போட்டு முறை வகுக்கிறார்கள். 24 வகுப்பு, மொத்தம் 288 பேர். நம்ம ஹாஸ்டல் மெஸ் கமிட்டி மாதிரி முறை போட்டிருக்கிறார்கள் பாருங்கள்! தினம் காலையும் மாலையும் துதிக்க வேண்டியது லேவியரின் வேலை. இன்று மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் விசாரிக்கவில்லை. ஒருவருக்குத் தொண்டை அடைத்தால் பக்கத்தில் நிற்கிறவர் பாடுவார். கூட்டாகப் பாடுவதன் பெரிய இரகசியம் இது. நான்கு குரலில் பாடினவர்களுக்குத் தெரியும், மூச்சு வாங்க ஒருவர் நிறுத்தினாலும் பாட்டு நிற்காது.

என் பெரியம்மாவுக்குக் கடைசி மூன்று வருஷம் ஞாபகமே இல்லை. பெற்ற பிள்ளைகளையே "நீங்க யாரு தம்பி?" என்று கேட்டார்கள். ஆனால் யாராவது ஒரு பழைய கீர்த்தனையின் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டால் போதும், சரணம் வரைக்கும் தாளம் தப்பாமல் பாடுவார்கள். சிறுவயதில் தினமும் மாலை விளக்கேற்றியதும் குடும்ப ஜெபத்தில் பாடின பாட்டு அது. அந்தக் காலத்தில் பாதிநாள் தூக்கக் கலக்கத்தோடுதான் பாடியிருப்பார்கள். மாணவத் தம்பி தங்கைகளே, அர்த்தமே இல்லாமல் வாய் மட்டும் பாடுகிறதே என்று உங்களுக்குச் சில நாள் வெறுப்பு வரும். வரட்டும். விடாதீர்கள்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசக்கும். எபிரெயர் 13இல் ஸ்தோத்திரபலியைச் சொன்ன 15ஆம் வசனத்தோடு நிறுத்திவிடுகிறோம். அடுத்த வசனம் நன்மை செய்வதையும் உள்ளதைப் பகிர்ந்து கொடுப்பதையும் அதே மூச்சில் பலி என்கிறது. எபிரெயத்தில் ஆராதிப்பதற்கும் வேலை செய்வதற்கும் வேர்ச்சொல் ஒன்றுதான். எகிப்தில் செங்கல் அறுத்த அடிமை வேலைக்கும் அதே சொல். வனாந்தரத்தில் கர்த்தருக்குச் செய்யப்போன ஆராதனைக்கும் அதே சொல். யாருக்குப் பணிசெய்கிறோம் என்பதுதான் யாத்திராகமத்தின் கேள்வி. ஆமோஸ் 5ஆம் அதிகாரத்திலோ, நியாயம் செய்யாத ஜனத்தின் பாட்டுச் சத்தத்தை அகற்றும்படி கடவுளே சொல்லிவிடுகிறார். இசை சரியில்லை என்று அவர் சொல்லவில்லை.

நம் வீட்டுக் கதையும் உண்டு. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இல்லாமல் தமிழ்க் கிறிஸ்தவர்களின் துதியே இல்லை. ஷ்வார்ட்ஸ் ஐயர் வளர்த்த பிள்ளை; பெத்லகேம் குறவஞ்சி பாடினவர். நம் இராகத்தில் நம் கடவுளைப் பாடலாம் என்று காட்டிக்கொடுத்த மகான். 1820களின் பிற்பகுதியில் புதிதாக வந்த மிஷனரிமாரோடு அவருக்குப் பெரும் மோதல். வேதத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றினார்கள், கீர்த்தனைகளை ஆலயத்திலிருந்து விலக்கினார்கள் என்று அவர் எதிர்த்தார். அந்த இரண்டிலும் நான் அவர் பக்கம். ஆனால் சாதி வித்தியாசம் பாராமல் எல்லோரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தியதையும் அதே பட்டியலில் கொடுமை என்று சேர்த்து எழுதினார். இதில் அவர் பக்கம் நிற்க முடியாது. அவர் பாட்டைப் பாடும்போதெல்லாம் எனக்கு இரண்டும் நினைவுக்கு வரும். வர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

ஏறக்குறைய 150 வருஷம் கழித்து மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு ஐயா (1940–2005) ஒரு வேலை செய்தார். "பரட்டை அண்ணன்" என்றால் கிராமத்துச் சபைகளில் தெரியும். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் ஆராதனை முறைமை எழுதினார். சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிவைத்த பறையைப் பலிபீடத்துக்கு முன்னால் கொண்டுவந்தார். முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். பறையைத் தீட்டு என்பவர், அதை அடிப்பவரைத் தீட்டு என்கிறார். அந்த மனிதரோடு ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்க முடியாதவர் எந்த இராகத்தில் பாடினாலும் என்ன? நம் ஊர்ச் சபைகளில் சில இடத்தில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே இன்னும் சுவர் இருக்கிறது. நமக்கெல்லாம் தெரியும். இன்று இங்கே கூடியிருக்கிற நம்மில் சிலர் அந்தச் சபைகளின் கமிட்டியிலும் இருக்கிறோம்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

நான் சொன்ன நண்பர் இப்போது ஒரு சின்ன ஆலயத்துக்குப் போகிறார். அங்குள்ள போதகர் அவரைப் பாடச் சொல்லவில்லை. பின்பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார். மகனுடைய நினைவுநாளில் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நண்பர் இன்னும் பாடுவதில்லை. பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நம் போதகர் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள் வைத்தேன்; மறுக்காமல் ஒப்புக்கொண்டார். கடைசிப் பாட்டுக்கு முன்னால் மூன்றாமாண்டு மாணவி ஒருவர் 88ஆம் சங்கீதத்தை முழுவதும் வாசிப்பார். விளக்கம் எதுவும் கிடையாது. பிறகு ஒரு நிமிஷம் மௌனம். அதன்பின் பாடகர் குழு எழுந்து நிற்கும். பாட முடிந்தவர்கள் சேர்ந்துகொள்ளுங்கள். முடியாதவர்கள் உட்கார்ந்திருக்கலாம், யாரும் உங்களைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.